பதினேழு, பதினெட்டு

கையெழுத்துதானே கண்ணு, போட்டுட்டாப் போகுது. அதுக்கு எதுக்கு நின்னுட்டே இருக்கற? ஒக்காரு. கரூர்ல இருந்து இந்த வெயில்ல காரை ஓட்டிட்டு வந்திருக்கற. மோரைக் குடி. உப்புப் பத்தலைன்னா சொல்லு, நான் பிரஷருக்காகக் கம்மியாத்தான் போடறது.

பேப்பரை அந்த டீப்பாய் மேல வெய்யி. நான் படிக்கோணும்னு இல்ல, நீதான் வாயால சொல்லிட்டயே. ஜப்பான் டூர்ல, நாராங்கற ஊர்ல, உங்கம்மாவ விட்டுப்போட்டு பஸ்ஸு கெளம்புனது டூர் மேனேஜர் ஜெயசீலனோட தப்பு. அவன் ஆளை எண்ணாம வண்டிய எடுக்கச் சொன்னான். கூட வந்தவங்க நாங்க எல்லாம் சாட்சி. அவ்வளவுதானே? எத்தனை பேரு போட்டிருக்காங்க? இருவத்திரெண்டு பேரா. அப்ப நான் இருவத்திமூணு. ரூமுல கூட இருந்தவ நாந்தான், அதனால என்ற கையெழுத்துதான் முக்கியம்னு வக்கீல் சொன்னாரா. செரி. கம்பெனி அவன இப்ப நிறுத்தித்தான் வெச்சிருக்குது, இதைக் குடுத்தா மொத்தமா எடுத்துருவாங்க, வேற எந்தக் கம்பெனிலயும் சேத்த மாட்டாங்க. செரி செரி. போடறேன்.

அம்மா எப்பிடி இருக்காங்க? எந்திரிச்சு ஒக்கார்றாங்களா? இடுப்பெலும்புன்னா அப்பிடித்தான் கண்ணு, மாசக் கணக்காகும். என்ற மாமியாருக்கும் அதேதான். அவங்க படுத்த படுக்கையா இருந்தது பதினோரு வருசம். நாந்தான் பாத்தேன். தூக்கறது, தொடைக்கறது, தலை சீவி விடறது எல்லாம். அவங்க போய் ஆறு மாசத்துல எங்க வீட்டுக்காரரு படுத்தாரு, அவரையும் நாந்தான் பாத்தேன். அவரு மூணு வருசம். இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் எங்கயும் போனதில்ல. பழனி தெரியும், ஈரோடு தெரியும், பெங்களூர்ல மகன் வீடு தெரியும். அவ்வளவுதான். மகன்தான், அம்மா நீ ஒருக்கா உனக்காகப் போயிட்டு வான்னு, ஒம்பது நாளு ஜப்பானுக்கு எழுதிக் குடுத்தான். உனக்காகன்னு சொன்னான். அந்த வார்த்தைய ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்ல.

அதனால நடந்தத நடந்தபடி சொல்லிப்போட்டுக் கையெழுத்துப் போடறேன். நாளைக்கு வக்கீல் போன் போட்டுக் கேட்டா மாத்தி மாத்திப் பேசற பழக்கம் எனக்குக் கெடையாது.

முப்பத்தியோரு பேரு. முக்காவாசி ஜோடி ஜோடியா வந்தவங்க. ஜோடிக்கு ஒரு ரூமு. என்னையாட்டத் தனியா வந்தவங்களை ரெண்டு ரெண்டு பேராச் சேத்தி விடுவாங்களாம். சென்னை ஏர்போர்ட்டுல ஜெயசீலன் வந்து, அக்கா, உங்க கூட ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தங்குறாங்கன்னு சொன்னப்ப எனக்கு எத்தனை சந்தோசம் தெரியுமா. நான் எட்டாவதோட நின்னவ. ஹெட்மிஸ்ட்ரஸ் கூட ஒம்பது நாளு ஒரே ரூமுல. நாலு நல்லது கெட்டது பேசிட்டு இருக்கலாம்னு நெனைச்சேன். உங்கம்மா நீலக் கரைப் புடவைல, கொண்டையெல்லாம் போட்டுட்டு, நெம்ப லட்சணமா நின்னாங்க. நீ பக்கத்துல நின்ன. ஞாபகம் இருக்குதா? நீ என்ற கையப் புடிச்சுட்டு, ஆன்ட்டி, அம்மாவக் கொஞ்சம் பாத்துக்கங்க, கொஞ்சம் மறதின்னு சொன்ன.

கொஞ்சம்னு சொன்ன. நான் உன்னையக் குத்தம் சொல்லல கண்ணு. டூருக்குச் சேரும்போது ஒரு ஃபாரம் குடுப்பாங்க, என்னென்ன சீக்கு இருக்குதுன்னு எழுதோணும். அதுல உங்கம்மாவுக்கு பிரஷர்னு மட்டும் எழுதியிருந்துச்சுன்னு ஜெயசீலன் பொறவு சொன்னான். மறதின்னு எழுதுனா சேத்தமாட்டாங்கன்னு உனக்குப் பயம். புரியுது. உனக்கும் ஒம்பது நாளு ஓய்வு வேணுமில்ல. அது எனக்குப் புரியாம யாருக்குப் புரியும்?

அப்பறம் நம்பரு. அதைச் சொல்லோணும், அதுதான் முக்கியம். ஏர்போர்ட்டுலயே எல்லாத்துக்கும் கழுத்துல ஒரு அட்டை மாட்டி விட்டான். எனக்குப் பதினேழு, உங்கம்மாவுக்குப் பதினெட்டு. பஸ்ஸுல ஏறுனதும் ஜெயசீலன் முன்னால நின்னுட்டு மைக்குல, நம்பர் சொல்லுங்கம்பான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அவங்கவங்க நம்பரை அவங்கவங்க சத்தமாச் சொல்லோணும். முப்பத்தியொண்ணு வந்துட்டா வண்டி கெளம்பும். அங்க சீட்டு எல்லாம் ஒசரம், என்னையாட்டக் குள்ளமானவங்க ஒக்காந்தா முன்னாடி இருந்து தலையே தெரியாது. நடந்து வந்து எண்ணலாம்தான். அந்த ஜப்பான்கார டிரைவரு மூணு மணின்னா மூணு மணிக்கு எடுத்துருவாரு, பார்க்கிங்குல அடுத்த வண்டி நிக்கும். அதனால நம்பரு.

மொத நாள் டோக்கியோவுல ஒரு பெரிய கோயிலுக்குப் போயிட்டு வந்து ஏறுனோம். பதினேழுன்னேன் நானு. அடுத்து சத்தமே இல்ல. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. டீச்சர், பதினெட்டு சொல்லுங்கன்னு நான் முழங்கைல இடிச்சேன். என்ன பதினெட்டுன்னு கேக்கறாங்க. பின்னால ஒருத்தரு சிரிச்சாரு. அடுத்த எடத்துலயும் அதே. அதுக்கடுத்த எடத்துலயும் அதே. எனக்கு மானம் போகுது. நாலாவது தடவை நானே, பதினேழு, பதினெட்டுன்னு ரெண்டையும் சேத்திச் சொல்லிப்போட்டேன். ஜெயசீலன் சிரிச்சுட்டு, அக்கா, ரெண்டு நம்பரையும் நீங்களே வெச்சுக்கிடுங்கன்னான். நல்லாக் கேட்டுக்க. அவன் வாயால சொன்னதுதான். வக்கீல்கிட்ட அதையும் சொல்லு. தூத்துக்குடிக்காரன், பேச்சு நெம்ப மரியாதை, ஆனா சொன்னது அவன்தான்.

அன்னைல இருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. பதினேழு, பதினெட்டு. பதினேழு, பதினெட்டு. வீட்டுக்கு வந்து கூட ஒரு நாள் பேங்குல டோக்கன் கூப்பிட்டாங்க பதினேழுன்னு, நான் பதினெட்டுன்னு சொல்லிட்டே எந்திரிச்சேன்.

ரூமுல நான் பட்டதச் சொன்னா நீ சங்கடப்படுவ. அங்க ரூமுன்னா நம்ம ஊரு பூஜை ரூமு அளவுதான். ரெண்டு கட்டில், நடுவுல ஒரு ஆள் நடக்கற எடம். கக்கூஸுல பித்தான் பித்தானா இருக்கும், எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. உங்கம்மா எதையாச்சும் அமுத்திட்டு எந்திரிச்சு நின்னுக்குவாங்க, தண்ணி செவுத்துக்கு அடிக்கும். தெனமும் வெடியால நான் துண்டப் போட்டுத் தொடைச்சேன். காப்பி குடிக்கறதுக்குள்ள இது எந்த ஊருன்னு நாலு தடவை கேப்பாங்க. கண்ணாடி எங்கம்பாங்க, மூக்கு மேல இருக்கும். செல சமயம் நெசமாவே இருக்காது. ஃபியூஜி மலைக்குப் போனோமில்ல, எல்லாரும் எறங்கிப் படம் புடிச்சாங்க, மேகம் வெலகி அரை மணி நேரம் மலை அப்பிடியே தெரிஞ்சுதாம். நான் பஸ்ஸுக்குள்ள குனிஞ்சு சீட்டுக்கு அடியில உங்கம்மா கண்ணாடியத் தேடிட்டு இருந்தேன். நான் எடுத்துட்டு எறங்கறதுக்குள்ள மூடிப்போச்சு. மகன் போன்ல, அம்மா மலையப் பாத்தயான்னு கேட்டான். பாத்தேன்னு சொன்னேன்.

கெட்டதையே சொல்லக்கூடாது. ஒரு நாள் நெம்ப நடந்துட்டோம். கால் வீங்கிப்போச்சு எனக்கு. ரூமுக்கு வந்து கட்டில்ல சாஞ்சேன். உங்கம்மா எதுவும் கேக்கல. அவங்க பைல இருந்து தைலத்த எடுத்துட்டு வந்து, என்ற காலை எடுத்து மடியில வெச்சுட்டு, தேச்சு விட்டாங்க. வேண்டாம் டீச்சர், வேண்டாம் டீச்சர்னு இழுக்கறேன், விடமாட்டேங்கறாங்க. ரொம்ப நடக்க வைக்கறாங்களா உன்னைன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. எத்தனையோ பேத்துக்கு நான் காலு புடிச்சு விட்டிருக்கேன் கண்ணு. என்ற காலை ஒருத்தரு புடிச்சு விட்டது அன்னைக்குத்தான்.

அதுக்கு மூணாம் நாளு கியோட்டோவுல அந்த வார்த்தை.

வெடியால சாப்பிட ஒக்காந்திருந்தோம். பக்கத்து மேசைல மதுரைக்காரம்மா ஒருத்தி, புருசன் பேங்குல பெரிய ஆபீசரா இருந்தவரு. அவ எங்களைப் பாத்துச் சிரிச்சுட்டு, நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியான்னு கேட்டா. உங்கம்மா உடனே, சேச்சே, இவ நம்ம வீட்டுல வேலை பாக்குற பொண்ணு, நல்ல பொண்ணு, கை சுத்தம்னு சொன்னாங்க.

நெம்பப் பாசமாத்தான் சொன்னாங்க. என்ற தோள் மேல கைய வெச்சுட்டுச் சொன்னாங்க. அந்தம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்தா. மேசைக்கு நாலு பேரு, எட்டு மேசை, எல்லாத்துக்கும் கேட்டிருக்கும். எனக்குக் காங்கயத்துல பத்தேக்கரா தோப்பு இருக்குது கண்ணு. எங்க வீட்டுலயே வேலைக்கு மூணு பேரு இருக்காங்க. நான் எந்திரிச்சு, தட்டை வெச்சுட்டு, ரூமுக்குப் போயிட்டேன்.

மறதின்னு சொல்லாத. எனக்கும் தெரியும் மறதின்னு. ஆனா அத்தனை நாளு தொடைச்சு, தேடி, கூப்பிட்டு, நம்பரு சொல்லி, கடைசில அவங்க மனசுல நான் யாரா நின்னேன்? வேலைக்காரியா நின்னேன். என்ற மாமியாவும் அப்பிடித்தான், சாகற அன்னைக்குக் கூட என்ற பேரைச் சொல்லல, ஏ புள்ளன்னுதான் கூப்பிட்டாங்க. ஜப்பானுக்குப் போயும் அதே பொழப்புன்னா மனசு விட்டுப் போகாதா?

ஜெயசீலன்கிட்டப் போயி, எனக்கு ரூமை மாத்திக் குடு, சீட்டையும் மாத்திக் குடுன்னேன். ஏன்க்கா, என்னாச்சுன்னான். ஒத்து வரலைன்னு சொன்னேன். மறதின்னு நான் சொல்லல. ஏன் சொல்லலைன்னா, சொன்னா அவன் என்ன சொல்லுவான்? அக்கா, அப்ப நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடணும்பான். எனக்குத் தெரியாதா. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. ரூமு இல்ல, ஒசாகா போயித்தான் தர முடியும், சீட்டு மட்டும் இன்னைக்கே மாத்தறேன்னான். மாத்துனான். நான் நாலாவது வரிசைல மதுரைக்காரம்மா பக்கத்துல. உங்கம்மா கடைசிக்கு முந்துன வரிசைல, ஜன்னலோரம், தனியா.

ஏறும்போது உங்கம்மா என்ற சீட்டுப் பக்கத்துல வந்து நின்னாங்க. நான் இங்கதானேன்னு கேட்டாங்க. நான் ஜன்னல்ல வெளிய பாத்துட்டு இருந்தேன். ஜெயசீலன் வந்து கையப் புடிச்சுப் பின்னால கூட்டிட்டுப் போனான்.

அந்த பஸ்ஸுலதான் நாராவுக்குப் போனோம்.

நாராவுல மான் சும்மா தெருவுல நடக்குது. கடைல ரொட்டியாட்ட ஒண்ணு விக்கறாங்க, அத வாங்கிக் கைல வெச்சா மான் வந்து தலையக் குனிஞ்சு கும்பிடுது. பெரிய புத்தரு கோயிலு. நம்ம ராஜகோபுரத்தையே உள்ள வெக்கலாமாட்ட இருக்குது. அன்னைக்குத்தான் கண்ணு நான் தனியா நடந்தேன். யாரையும் திரும்பிப் பாக்காம, யாருக்கும் பதில் சொல்லாம. ரெண்டு கையையும் வீசிட்டு நடந்தேன். மூணு ரொட்டி வாங்கி மானுக்குப் போட்டேன். இரு, போன்ல படம் இருக்குது, ஜெயசீலன் எடுத்துக் குடுத்தது. இந்தா, பாரு. சிரிக்கறேன் பாத்தயா. அந்த டூருல நான் பல்லு தெரியச் சிரிச்சது இந்த ஒரு படத்துலதான்.

பின்னாலயா? ஆமா. மஞ்சத் தொப்பி போட்டுட்டு நிக்கறது பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க, சுத்திப்பாக்கக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அதுக்குப் பக்கத்துல நீலப் பொடவை. உங்கம்மாதான். பெருசு பண்ணிப் பாரு. இந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறாங்க. என்னையத்தான் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். எடுத்துக்க, உன்ற போனுக்கு அனுப்பறேன், அவங்க ரெண்டு காலுல நிக்கற கடைசிப் படம்.

படம் எடுத்ததுக்கப்பறம் என்னைய நோக்கி வந்தாங்க. நான் அக்கட்டாலத் திரும்பி நடந்தேன். ஓடல. நடந்தேன்.

அப்பறம் மழை புடிச்சுக்கிச்சு. கார்த்திகை மாசத்துக் குளிருல மழை. எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுனோம். உங்கம்மா எங்க போனாங்கங்கறத எங்களுக்கு வழி காட்டக் கொடி புடிச்சுட்டு வந்த ஜப்பான்கார அம்மாதான் விசாரிச்சுச் சொல்லுச்சு. அந்தத் தொப்பிப் புள்ளைங்க வரிசையா மேட்டுக் கோயிலுக்கு ஏறுனாங்களாம். உங்கம்மா அவங்க பின்னாலயே போயிட்டாங்க. கைய நீட்டி, நேரா நட, வரிசை கலையாதன்னு தமிழ்ல சொல்லிட்டே போனாங்களாம். யாரோ வெளிநாட்டு டீச்சருன்னு அந்த டீச்சருங்க கும்பிட்டாங்களாம். புள்ளைங்க வேற வழியா எறங்கிப் போயிட்டாங்க. உங்கம்மா ஈரப் படிக்கட்டுல விழுந்துட்டாங்க. இதெல்லாம் நீயும் ஆஸ்பத்திரில கேட்டிருப்ப.

பஸ்ஸுல என்ன நடந்துச்சுன்னுதானே உனக்கு வேணும். சொல்றேன். மூணு மணிக்கு இன்னும் ரெண்டு நிமிசம் இருந்துச்சு. எல்லாரும் நனைஞ்சு, குடைய மடக்கிட்டு, தலைய தொடைச்சுட்டு, ஒரே எரைச்சல். கண்ணாடி எல்லாம் ஆவி. ஜெயசீலன் மைக்கை எடுத்து நம்பர் சொல்லுங்கன்னான். வந்துச்சு வந்துச்சு, பதினாறு வந்துச்சு. நான் பதினேழுன்னேன். பதினெட்டுன்னேன்.

வாயி பழகிப் போச்சு கண்ணு. சண்டை போட்டா வாயிக்குத் தெரியுமா? நானா நெனைச்சுச் சொல்லல. அது வந்துருச்சு. பத்தொம்பது சொல்ற ஆளு உடனே பத்தொம்பதுன்னாரு, அப்பிடியே முப்பத்தியொண்ணு வரைக்கும் போயிருச்சு.

அவன் எண்ணலைன்னு இதுல எழுதியிருக்குதில்ல, அது மட்டும் செரியில்ல. எண்ணுனான். எண்ணிட்டு ஒரு நிமிசம் நின்னான். சீட்டு மாத்துனது அவனுக்கு ஞாபகம் வந்துருச்சாட்ட இருக்குது. மைக்கு இல்லாம என்னையப் பாத்து, அக்கா, டீச்சர் ஏறிட்டாங்களான்னு கேட்டான். இருக்காங்க, பின்னாலன்னு சொன்னேன். அவன் சரிக்கான்னு டிரைவருக்குக் கைய காட்டிட்டான். அதுக்குத்தான் சொல்றேன், அவனுக்கு ரெண்டு கண்ணு இருக்குதில்ல, பத்தடி நடந்து போயிப் பாத்திருக்கோணும். அது அவன் வேலை. நானா சம்பளம் வாங்கறேன்? அதுக்குத்தான் கையெழுத்துப் போடறேங்கறேன்.

வண்டி நகந்ததும் நான் திரும்பிப் பாத்தேன். சீட்டுல பை மட்டும் இருந்துச்சு. ஆளில்ல.

சொல்லியிருக்கலாம். ஆமா, சொல்லியிருக்கலாம். அப்ப என்ற மனசுல என்ன ஓடுச்சுன்னா, இப்ப நான் வாயத் தெறந்தா வண்டிய நிறுத்துவாங்க. எல்லாரும் என்னையப் பாப்பாங்க. ஜெயசீலன், அக்கா, நீங்க வாங்க, உங்க சத்தம்னாத்தான் அவங்களுக்குத் தெரியும்பான். மழைல எறங்கித் தேடோணும். தேடிக் கூட்டிட்டு வந்து, தலைய தொடைச்சு, பொடவை மாத்தி விட்டு, மறுபடியும் பக்கத்துல ஒக்கார வெச்சுக்கோணும். இன்னைக்கு ஒரு நாளாச்சும் வேற யாராச்சும் பாக்கட்டும்னு இருந்தேன். முப்பது பேரு இருக்காங்க, ஒருத்தரு கூடவா திரும்பிப் பாக்க மாட்டாங்க? மதுரைக்காரம்மா முறுக்கு குடுத்துச்சு. தின்னேன். இப்பப் பாப்பாங்க, இப்பப் பாப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். முக்கா மணி நேரத்துல ஒசாகா வந்துருச்சு.

எறங்குனப்பறம் டிரைவருதான் பையை எடுத்துட்டு வந்து நீட்டுனாரு. ஜெயசீலன் அந்தப் பையைப் பாத்த பார்வை எனக்குக் கண்ணுலயே நிக்குது. அப்பறம் என்னையப் பாத்தான். அக்கான்னு ஆரம்பிச்சான். நிறுத்திட்டான். கொடிக்கார அம்மாவக் கூட்டிட்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடுனான். எல்லாரும் சுத்தி நின்னுட்டு, இவன் என்ன மேனேஜரு, ஆளை எண்ணாமயா வண்டிய எடுப்பான்னு பேசுனாங்க. நானும் அங்கதான் நின்னேன்.

அவன் அதுக்கப்பறம் டூருக்கே வரல. ஆஸ்பத்திரிலயே இருந்துட்டான், நீ வந்து சேர்ற வரைக்கும். நீயே பாத்திருப்ப. உங்கிட்ட என்ன சொன்னான்? நான்தான் சரியாப் பாக்கலன்னு சொன்னானா. வேற ஒண்ணுமே சொல்லலையா? என்ற பேரைக் கூட எடுக்கலையா?

எனக்கு அதுதான் ஆத்தரம். கம்பெனில கேட்டிருப்பாங்க, எழுதி வாங்கியிருப்பாங்க, அப்பவும் சொல்லல. சொல்லியிருந்தா நான் இல்லைன்னிருப்பேன். நாலு நாளு சண்டை நடந்திருக்கும், ஓஞ்சிருக்கும். அவன் வாய மூடிட்டுப் போயிட்டான். நான் மனசுக்குள்ள வெச்சுட்டுத் திரியறேன். தோப்புக்குப் போனா அதே நெனப்பு, சோறு திங்க ஒக்காந்தா அதே நெனப்பு. மகன்கிட்டச் சொல்ல முடியல. நெம்பப் பாவமா இருக்குது கண்ணு எனக்கு. உங்கம்மாவ நெனைச்சாலும் பாவமா இருக்குது. என்னைய நெனைச்சாலும் பாவமா இருக்குது.

என்ன? எப்பத் திரும்பிப் பாத்தேன்னா? அதான் சொன்னேனே. வண்டி நகந்ததுக்கு அப்பறம்.

என்ற மூஞ்சியப் பாத்துக் கேக்காத அப்பிடி. ஹெட்மிஸ்ட்ரஸ் மகள்னு காட்டற பாரு.

செரி. யாருகிட்டயும் சொல்லாததை உங்கிட்டச் சொல்றேன், நீ வீடு தேடி வந்திருக்கற. அவன் கேட்டான் பாத்தயா, டீச்சர் ஏறிட்டாங்களான்னு. அப்ப வண்டி நின்னுட்டுத்தான் இருந்துச்சு. கதவு கூடச் சாத்தல. அவன் கேட்டதும் நான் திரும்பிப் பாத்தேன். நல்லாப் பாத்தேன். சீட்டுல ஆளில்லைன்னு பாத்துட்டுத்தான், இருக்காங்கன்னு சொன்னேன்.

அவ்வளவுதான். ஒரு நிமிசம் ஏதோ ஒண்ணு தோணுச்சு, சொல்லிட்டேன். அதுக்காக அவன் நம்பிடறதா? நடந்து வந்து பாக்கோணுமா இல்லையா? அவனுக்கு முப்பத்திரெண்டு வயசு, கை காலு இருக்குது, வேற பொழப்புப் பாத்துக்குவான். நான் இந்த ஊருல இனி எத்தனை காலம் தலை நிமிந்து நடக்கோணும். கொண்டா பேனாவை. எந்த எடத்துல போடோணும், அந்தக் கோடு போட்டிருக்கற எடத்துலயா?

கண்ணு. அதை எதுக்கு மடிக்கற? பைக்குள்ள எதுக்கு வெக்கற? எதுக்கு எந்திரிக்கற? நான் போடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னனா?